சுண்ணாம்புக் கல்லும் ஒரு பாட்டில் ஒயினும்

கல்லங்குறிச்சி என்றதும் அரியலூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். அடுத்தது சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறது பாருங்கள்! சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகள் இன்றும் கல்லோடு கல்லாகக் கிடக்கின்றன. நிலவியல்காரர்கள் அந்தப் பாறை அடுக்குக்கு இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் கல் லாரியில் ஏறிச் சிமெண்ட் ஆனதும் பெயர் போய்விடுகிறது. எந்தக் குழியில் வெட்டிய கல் என்று மூட்டையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

வட இத்தாலியில் பரோலோ என்ற பகுதி. அங்கேயும் பழைய கடலடி மண்தான், சுண்ணாம்பு கலந்த களிமண். அதை வைத்து ஒரு குடும்பம் வேறு கணக்குப் போட்டது. (குடிப்பதைப் பற்றிய பேச்சல்ல, கணக்கைப் பற்றியது!)

மஸ்கரெல்லோ குடும்பம் ஒயின் தொழிலைத் தொடங்கியது 1881-ல். மோன்பிரிவாத்தோ என்ற மலைச்சரிவுத் தோட்டத்தை வாங்கியது 1904-ல். அந்தக் காலத்தில் பல தோட்டத்துத் திராட்சையையும் ஒன்றாகக் கலப்பதுதான் வழக்கம். 1970-ல் மௌரோ மஸ்கரெல்லோ அந்த ஒரு தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியாக எடுத்து, தோட்டத்தின் பெயரிலேயே ஒயின் போட்டார்.

திராட்சையின் பெயர் நெபியோலோ. அக்டோபர் வாக்கில்தான் பழுக்கும். நசுக்கி, தோலோடு சேர்த்தே புளிக்க வைத்தால்தான் அந்தச் சிவப்பும் துவர்ப்பும் இறங்கும். பிறகு ஓக் மரப் பீப்பாய். பரோலோ என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். இது சட்டம். 2020 அக்டோபரில் பறித்த பழம் 2024 ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வர முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் சரக்கு உள்ளே, பணம் வெளியே! எந்த வங்கி மேலாளரும் முகம் சுளிப்பார்.

அது இத்தாலி, நமக்கு எதற்கு என்கிறீர்களா? மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலிய சகோதரர்கள், டெல்லி சகோதரர்கள், உள்ளூர் சகோதரர்கள் என மூன்று குடும்பம் சேர்ந்து தொடங்கியதுதான் ஃபிராட்டெல்லி. இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்' என்று பொருள். டஸ்கனியின் சாஞ்சியோவேசே திராட்சை அந்த வெயிலிலும் காய்க்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து, ஒரே அறுவடை, அதுவும் கோடைக்கு முன். பொறுமை இருந்தால் இங்கேயும் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பி.காம். படிக்கிறவர்களுக்குத் தெரியும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. சுரங்கத்துக்கு டிப்ளீஷன் உண்டு, அதாவது எடுக்க எடுக்கச் சொத்தின் மதிப்பு கரையும், கடைசியில் பூஜ்யம். மோன்பிரிவாத்தோ முதல் வகை. 1904-ல் வாங்கிய மண் இன்னும் அங்கேயே இருக்கிறது. கல்லங்குறிச்சிக் குழி இரண்டாவது வகை.

சிமெண்ட் இல்லாமல் வீடு கட்ட முடியாது, உண்மைதான். அரியலூரில் ஒயின் போடுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் நிலத்தைச் சுரங்கத்துக்கு விற்கும் விவசாயிக்குப் பணம் ஒரே ஒரு முறைதான் வரும். கடலையும் முந்திரியும் விளையும் நிலம் என்றால் பேரனுக்கும் வரும். விலை பேசும்போது அந்தப் பேரனின் பங்கை எந்தப் பேரேட்டில் எழுதுகிறார்கள்? யோசித்துப் பாருங்கள்.