சாவியைத் திருப்பியதும் தெரியும் எண்

மேட்டுப்பாளையம் வரை நன்றாகப் போகிற கார், பர்லியார் தாண்டியதும் திணறுகிறது என்று ஒருவர் கொண்டுவந்தார். "ரெண்டாவது கியர்லயே ஏற வேண்டியிருக்குங்ண்ணா. பிளக் மாத்தியாச்சு, பெட்ரோல் பம்ப் மாத்தியாச்சு, பிக்கப் மட்டும் வரலைங்க" என்றார். இரண்டும் வேறொரு பட்டறையில் மாற்றியவை. கழற்றிய பம்பை டிக்கியில் வைத்திருந்தார். சோதித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை.

எஞ்சின் மட்டும் அலறி வண்டி நகராவிட்டால் கிளட்ச்சைப் பார்க்கலாம். இங்கே ஆர்பிஎம்மும் ஏறவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஸ்கேனரில் எரர் கோடும் இல்லை. கோடு இல்லை என்றதும் ஸ்கேனரைக் கழற்றிவிடுவதுதான் எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய தவறு. நான் லைவ் டேட்டாவைத் திறந்தேன்.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தேன். இந்த வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை மேப் சென்சார் சொல்லும். அதை வைத்துத்தான் இசியு பெட்ரோலை அளந்து விடும். எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே அழுத்தம். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். 96 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டியது 80. அது குன்னூரின் அழுத்தம். என் பட்டறையில் நின்ற வண்டி, தான் மலைமேல் நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தது.

மலையில் காற்று மெலிது, பெட்ரோலும் குறைவாகப் போதும் என்று அது கணக்குப் போட்டது. சமதளத்தில் ஆக்சிஜன் சென்சார் இந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஃபியூல் டிரிம் 20 சதவீதம் கூடியிருந்தது. விளக்கு எரிய அது போதவில்லை. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்தத் திருத்தம் உடனுக்குடன் நடக்காது. வண்டி அங்கேதான் படுத்தது.

இவ்வளவு தெரிந்தும் சென்சாருக்கு நான் உடனே ஆர்டர் கொடுக்கவில்லை. கப்ளரில் பச்சை பூத்து 5 வோல்ட் சரியாக வராவிட்டாலும் இதே தவறான எண்தான் வரும். மீட்டர் வைத்தேன்: சப்ளை 4.98, எர்த் சுத்தம். பிறகுதான் சென்சார்மேல் குற்றம் சொன்னேன். புதியதைப் போட்டதும் 96. சேமித்திருந்த பழைய டிரிம்மை அழித்துவிட்டு அவரோடு பர்லியார் தாண்டி ஓட்டினேன். மூன்றாவது கியரில் ஏறியது.

மெக்கானிக் நண்பர்களே, உங்கள் ஊரின் காற்றழுத்தத்தைப் பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். சென்னை என்றால் 101. கோவை 96. ஊட்டி 77. எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் சாவியைத் திருப்பி அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.