காதை அடமானம் வைப்பவர்கள்

சிபாரிசு என்ற சொல்லுக்குத் தமிழில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. எம்.எல்.ஏ. கடிதம், மாமாவின் டெலிபோன், பின்வாசல் வழியாகக் கிடைத்த காலேஜ் சீட் இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்க ராப் இசையின் ஓர் ஓரத்தில், 'அண்டர்கிரவுண்ட்' என்று சொல்லப்படும் பகுதியில், சிபாரிசு இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. பெரிய கம்பெனி வெளியிடாத, பகல் நேர ரேடியோ ஒலிபரப்பாத, போஸ்டர் ஒட்டப்படாத பாட்டு அது. ஒருவர் இன்னொருவரிடம் "இதைக் கேட்டுப் பார்" என்று சொன்னால்தான் உண்டு. சொல்பவருக்குக் காசு கிடைக்காது. தப்பான பாட்டைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். புதுசாக ஒரு பாட்டைச் சிபாரிசு செய்கிறவர் ஒவ்வொரு முறையும் தன் காதைத்தான் அடமானம் வைக்கிறார்.

அந்த அடமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1992 மார்ச் மாதம், நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி சோர்ஸ்' என்ற ராப் பத்திரிகையில், புரூக்ளினைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவரைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு வெளியானது. பெயர் கிறிஸ்டோஃபர் வாலஸ். தெருவில் போதை மருந்து விற்றுக்கொண்டிருந்தவர். பிற்பாடு உலகம் அவரை நொடோரியஸ் பி.ஐ.ஜி. என்று அறிந்துகொண்டது.

அந்தக் குறிப்பு வந்த வழிதான் சுவாரசியம். வாலஸ் ஏறக்குறைய விளையாட்டாகத்தான் ஒரு டேப் பதிவு செய்திருந்தார். பதிவு செய்ய உதவியவர் அதே பேட்டை டி.ஜே.யான 50 கிராண்ட். அவர் அதை மிஸ்டர் சீ என்பவரிடம் கொடுத்தார். மிஸ்டர் சீ சாதாரண ஆள் இல்லை, அன்றைய நட்சத்திர ராப் பாடகர் பிக் டாடி கேனின் டி.ஜே. அவர் மூலம் டேப் போய்ச் சேர்ந்தது 'சோர்ஸ்' பத்திரிகையின் மேட்டி சி-யிடம். இன்னும் எந்தக் கம்பெனியும் ஒப்பந்தம் செய்யாத ராப் பாடகர்களை அறிமுகப்படுத்தும் 'அன்சைன்ட் ஹைப்' என்ற பத்தியை எழுதிவந்தவர் அவர். எழுதியதோடு நிற்கவில்லை. அப்டவுன் ரெக்கார்ட்ஸில் வேலை பார்த்த ஷான் காம்ப்ஸ், நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தபோது இந்த டேப்பைப் போட்டுக் காட்டினார். (காம்ப்ஸ் பிறகு கோடீஸ்வரரானதும், 2025-ல் கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றதும் தனிக் கதை.) 1994 செப்டம்பரில் 'ரெடி டு டை' ஆல்பம் வந்தது. 1997 மார்ச்சில் 24 வயதில் வாலஸ் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ராப் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது.

மூன்று கைகள் மாறியிருக்கிறது அந்த டேப். ஒரு கை "அப்புறம் பார்க்கலாம்" என்று மேஜை டிராயரில் போட்டிருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். குறிப்பாக மிஸ்டர் சீ. நட்சத்திரத்தோடு ஊர் சுற்றுகிறவருக்குத் தெருப்பையன் ஒருவனின் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் அலைந்தார்.

அண்டர்கிரவுண்ட் என்றால் ஒளிந்துகொண்டிருப்பவர்கள் என்று அர்த்தமில்லை. வழி கிடைக்காதவர்கள், அல்லது கிடைத்த வழியை வேண்டாம் என்றவர்கள். 1990-களின் தொடக்கத்தில் ராப் இசை நன்றாக விற்றுக்கொண்டிருந்தது, எம்.சி. ஹாமர் சர்பத் மாதிரி ஊரெல்லாம் ஓடினார். அதில் சேராதவர்களுக்கு நியூயார்க்கில் ஒரு கதவு இருந்தது. அது நள்ளிரவில் திறக்கும்.

1990 அக்டோபரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் ரேடியோவான டபிள்யூ.கே.சி.ஆரில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. வியாழன் இரவு 1 மணியிலிருந்து விடிகாலை 5 மணி வரை. ஸ்ட்ரெட்ச் ஆர்ம்ஸ்ட்ராங் எனப்பட்ட ஏட்ரியன் பார்டோஸ் ரெக்கார்டுகளைச் சுழற்றுவார், பாபிட்டோ கார்சியா பேசுவார். ஒருவர் வெள்ளையர், இன்னொருவர் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. விளம்பரம் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதும், பிடிக்காத பாட்டைக் கழுவி ஊற்றுவதும் நிகழ்ச்சியின் பாதி. அங்கு வந்து மைக் பிடித்தவர்களின் பட்டியலை இன்று பார்த்தால் தலை சுற்றும். நாஸ், ஊ-டாங் கிளான், ஃபியூஜீஸ், எமினெம். 1995 பிப்ரவரியில் ஹார்லெம் இளைஞர் பிக் எல் தன்னோடு ஒருவரை அழைத்து வந்தார். அன்று பிக் எல்தான் பிரமுகர், கூட வந்தவர் துணை. துணையாக வந்தவர் பெயர் ஜே-ஸீ. முதல் ஆல்பம் வெளிவர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

அந்த இரவுகள் காற்றோடு போகாததற்குக் காரணம், கேட்டவர்கள் தூங்காமல் இருந்து கேசட்டில் பிடித்ததுதான். பிடித்த கேசட் நகலாகி, நகலின் நகலாகி, கடைசியில் பாட்டைவிட இரைச்சல் அதிகமாகும்வரை கைமாறியது. தமிழ்நாட்டு ரெக்கார்டிங் கடைகளில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. பட்டியல் முடிந்து டேப்பில் மிச்சமிருக்கும் இடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார். பல வீடுகளில் கடைசியில் நிலைத்தது அந்தக் கேட்காத பாட்டுதான்.

இந்த வியாபாரமில்லாத வியாபாரத்தில் பணம் நுழைந்தால் என்ன ஆகும்? அதற்கும் 'சோர்ஸ்' பத்திரிகையே சாட்சி. 1988-ல் ஹார்வர்டு மாணவர்களான டேவிட் மேஸும் ஜான் ஷெக்டரும் அதை ஆரம்பித்தபோது அது பத்திரிகையே இல்லை. தங்கள் ரேடியோ நிகழ்ச்சியின் நேயர்களுக்கு அனுப்பிய ஒரே ஒரு பக்கத் தாள். சில ஆண்டுகளில் அது ராப் உலகின் தீர்ப்பு மன்றமானது. ஆல்பங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மைக் கொடுப்பார்கள், ஐந்து மைக் என்பது அபூர்வம். 1994-ல் நாஸின் 'இல்மேட்டிக்' ஐந்து பெற்றது, அந்தத் தீர்ப்பு இன்றுவரை நிற்கிறது.

அதே 1994-ன் இறுதியில் மேஸ், தான் மேனேஜராக இருந்த ஆல்மைட்டி ஆர்.எஸ்.ஓ. என்ற பாஸ்டன் குழுவைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஆசிரியர் குழுவுக்குத் தெரியாமல் இதழில் சேர்த்தார். விஷயம் வெளிவந்ததும் ஷெக்டர் உட்பட ஆசிரியர்கள் பலர் வெளியேறினார்கள். வெளியாள் ஒருவருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். சில பக்கங்கள்தானே? ஆனால் வாசகன் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பக்கங்களில் இருந்த நடுநிலையைத்தான். பத்திரிகை அதன் பிறகும் பல ஆண்டுகள் நன்றாக விற்றது. விற்பனையையும் நம்பிக்கையையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளாதவர்கள் வேறு இடம் தேடினார்கள். 2006-ல் மேஸே பத்திரிகையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

இன்றைக்கு வருவோம். 2023-ல் உலகெங்கும் இசைச் செயலிகளில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் பாட்டுகள் ஏற்றப்பட்டன. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பது நல்லதுதான். யார் கேட்பது? அந்த வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். மெஷினின் சிபாரிசு சில சமயம் அசத்தலாகவே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை 'டிஸ்கவரி மோட்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. இசைக்கலைஞர் ராயல்டியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், குறிப்பிட்ட சில இடங்களில் அவர் பாட்டு நேயர்கள் முன் வரும் வாய்ப்பு கூடும். 1994-ல் ஆசிரியர்கள் ராஜினாமா செய்த காரியம், இப்போது ஒரு பட்டனாக வந்துவிட்டது. போதாததற்கு 2024-லிருந்து, பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. அண்டர்கிரவுண்டின் அடித்தட்டில் இருப்பவர்களுக்கு ஆயிரம் என்பது சின்ன எண் அல்ல.

ஆகவே மனிதர்களின் சிபாரிசு இன்னும் செத்துவிடவில்லை. ஒருவகையில் முன்னைவிடத் தேவைப்படுகிறது. ஆனால் எல்லாருக்கும் அது கைவருவதில்லை. "செம ஆல்பம், கேள்" என்று பத்துப் பேருக்கு லிங்க் தள்ளுவது சிபாரிசு அல்ல, துண்டுப் பிரசுரம். நல்ல சிபாரிசுக்காரர் ஆளைப் பார்த்துத்தான் பாட்டை எடுப்பார்.

பில்லி உட்ஸையே எடுத்துக்கொள்ளலாம். தந்தை ஜிம்பாப்வேக்காரர், சிறுவயதில் சில ஆண்டுகள் அங்கே வளர்ந்தவர், நியூயார்க்கில் சொந்தமாக பேக்வுட்ஸ் ஸ்டூடியோஸ் என்ற லேபிள் நடத்துகிறார், போட்டோக்களில் முகம் காட்ட மாட்டார். 2025 மே மாதம் வந்த அவருடைய 'கோலிவாக்', பேய்ப்படம் மாதிரி அடிவயிற்றைப் பிசைகிற ஆல்பம். வெகு நாட்களாகக் கேட்பவர்கள் கொண்டாடினார்கள், நியாயமும்கூட. ஆனால் உட்ஸை இதுவரை கேட்டிராத ஒருவர் கையில் அதைத் திணிப்பது, நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிப் பழக்குவது போல. சிலர் பிழைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு 2023-ல் கென்னி சீகலோடு சேர்ந்து செய்த 'மேப்ஸ்' உசிதம். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவனின் விமானம், ஹோட்டல் அறை, சாப்பாடு, வீடு திரும்பும் ஏக்கம் என்று பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அதில் உண்டு.

சிபாரிசே செய்ய முடியாத கேஸ்களும் உண்டு. ஹெய்ட்டி வம்சாவளி ராப் கலைஞர் மாக்-ஹோமி 2016-ல் 'எச்.பி.ஓ.' என்ற ஆல்பத்தை 300 டாலர் விலை வைத்து விற்றார். நண்பனிடம் "கேட்டுப் பார்" என்று சொல்வதற்குமுன் அவன் பேங்க் பாஸ்புக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்படிச் செய்வது திமிர் என்று சிலர் சொன்னார்கள். இலவசமாக அள்ளிக் குடிக்கப் பழகிய காலத்தில் தன் உழைப்புக்குத் தானே விலை போட்டவர் என்று மற்றவர்கள். இரண்டாவது கட்சியிலும் எத்தனை பேர் 300 டாலர் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விட, சிபாரிசினாலேயே வாழ்ந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது கா. முழுப்பெயர் கசீம் ரயன், புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதிக்காரர். பிழைப்புக்கு நியூயார்க் தீயணைப்புத் துறையில் வேலை, கேப்டன் பதவிவரை உயர்ந்தவர். 1990-களில் குழுக்களில் பாடிப் பார்த்து எதுவும் நடக்காமல் ஒதுங்கியவர், 2008-ல் 'அயர்ன் ஒர்க்ஸ்' என்ற ஆல்பத்தைச் சொந்தச் செலவில் போட்டார். ஆசைக்கு ஒன்று செய்துவிட்டுப் போவோம் என்ற கணக்கு. சி.டி.க்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார். அதில் ஒன்று ஊ-டாங் கிளானின் ஜிஸா கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஜிஸாவின் 'புரோ டூல்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டில் கா-வின் குரலும் இருந்தது. பாட்டின் பெயர், பொருத்தமாக, 'ஃபயர்ஹவுஸ்'.

அதன் பிறகும் கா எந்த லேபிளையும் தேடிப் போகவில்லை. 2012-ல் 'க்ரீஃப் பெடிக்ரீ', 2016-ல் 'ஆனர் கில்ட் தி சாமுராய்', 2020-ல் 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் கெயின்' என்று வரிசையாகத் தானே தயாரித்து வெளியிட்டார். ரெக்கார்டு வந்த நாளில் நியூயார்க் தெருமுனையில் நின்று, வாங்க வந்தவர்களோடு பேசித் தன் கையாலேயே விற்றார். 2016-ல் 'நியூயார்க் போஸ்ட்' அவருடைய பாட்டு வரிகளைப் பொறுக்கியெடுத்து, போலீசுக்கு எதிராகப் பாடும் தீயணைப்பு கேப்டன் என்று பெரிய செய்தியாக்கியபோது, பல பேருக்கு அவர் அப்படி ஒரு கலைஞர் என்பதே அன்றுதான் தெரிந்தது.

கா-வைச் சிபாரிசு செய்வது சுலபமில்லை. டிரம்ஸ் பெரும்பாலும் இருக்காது, அல்லது இருப்பதாகவே தெரியாது. பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு குரல். பஸ்ஸில் கேட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதனால்தான் அவரைச் சிபாரிசு செய்பவர்கள் பாட்டோடு ஒரு பத்தியமும் சேர்த்தே சொல்கிறார்கள். இரவில் கேள், ஹெட்ஃபோனில் கேள், முதல் பத்து நிமிடம் தீர்ப்பு சொல்லாதே.

2024 ஆகஸ்டில் 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்' வந்தது. அக்டோபர் 12-ம் தேதி, 52 வயதில், கா இறந்துபோனார். புதிதாகக் கேட்க வருபவருக்கு எதை முதலில் கொடுப்பது என்பதில் அவருடைய ரசிகர்களிடையே தகராறு இன்னும் தீரவில்லை. ஒரு சாரார் 'க்ரீஃப் பெடிக்ரீ' என்கிறார்கள். சாமுராய்தான் என்பவர்கள் அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.