சத்தம் போடாத தகடு

ஆடி பிறக்க மூன்று வாரம் இருக்கையில் மதுரைப் பக்கத்தில் எந்த ஸ்பீக்கர் பெட்டிப் பட்டறையிலும் கால் வைக்க இடம் கிடைக்காது. மேலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்தப் பட்டறையும் அப்படித்தான் இருந்தது. 18 எம்.எம். ப்ளைவுட்டில் அறுத்து ஒட்டிய பெட்டிகள் வாசல் வரைக்கும் வந்து நின்றன. மரத்தூளும் ரப்பர் பசை வாடையும் மூக்கில் ஏறின. பெட்டி செய்வதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது பெட்டியின் முகத்தில் கடைசியாக மாட்டுகிறார்களே, ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்புத் தகடு, அதன் வேலையை.

"பெட்டியப் பாத்துப் பாத்து வாங்குவாய்ங்க, ஸ்பீக்கருக்குக் கடன வாங்கியாச்சும் கொட்டுவாய்ங்க. கிரில்லுன்னு வந்துட்டா மட்டும், 'எதையாச்சும் போட்டு விடுங்கண்ணே'ம்பாய்ங்க சார்" என்றார் பட்டறைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மைக் செட் கட்டப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு கோன் மாற்றும் வேலைக்கு வந்து, அங்கிருந்து பெட்டிக்கு வந்தவர். கிழிந்த கோன்களை வருடக்கணக்கில் மாற்றியதால்தான் தகட்டின் அருமை தனக்குத் தெரிந்தது என்கிறார்.

முன்பெல்லாம் நம் ஊர் மைக் செட்டுக்கு இந்தத் தகடே தேவைப்படவில்லை. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், அதிர்கிற சவ்வு கழுத்துக்குள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மழை பெய்தாலும் குருவி கூடு கட்டப் பார்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்றாகிவிட்டது. கூம்பு வடிவக் குழாய்க்கும் தடை வந்தது. இன்றைக்குத் திருவிழாவுக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போனால், பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும் என்ற நிபந்தனையோடுதான் காகிதம் கைக்கு வரும். மரத்தின் மேலிருந்த சத்தம் இப்படித் தரைக்கு இறங்கியது. ஆட்களும் ஆபத்தும் இருப்பது தரையில்தானே.

பேஸ் ஸ்பீக்கரின் கோன் பெரும்பாலும் காகிதக் கூழில் செய்தது. அதன் எதிரே நடப்பதை யோசித்துப் பாருங்கள். கோயில் வாசலில் உடைக்கும் சிதறு தேங்காயின் ஓடு பறந்து வரும். சரவெடியின் துண்டு வந்து விழும். ஆடுகிற பையன்களின் முழங்கால் இடிக்கும். தொட்டுப் பார்க்காமல் போக மனசு வராத சின்னப் பிள்ளைகளின் விரல் வேறு. குட்டி யானை வண்டியில் ஏற்றும்போது கயிற்றுக் கொக்கி உரசும். விசேஷம் இல்லாத மாதங்களில் குடோனில் எலி. இத்தனைக்கும் நடுவில் நிற்பது இரண்டு எம்.எம். கூட இல்லாத ஒரு தகடு.

நான் போன அன்றைக்கு ஓர் இளைஞர் தான் வீட்டிலேயே செய்த இரண்டு பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். டிப்ளமோ படித்தவர். வரைபடத்தை இணையத்தில் எடுத்து, தெரிந்த ஆசாரியின் ரம்பத்தைக் கடன் வாங்கி, மாடியில் வைத்து அறுத்தது. பெட்டிக்கொரு 18 இன்ச் ஸ்பீக்கர். மூலை முடுக்கெல்லாம் அழகாகத் தேய்த்திருந்தார். ஒரே குறை, முன்பலகையைப் பெட்டியின் விளிம்போடு விளிம்பாக ஒட்டிவிட்டார். கிரில் உட்காரப் பள்ளமே விடவில்லை.

பட்டறைக்காரர் ஒரு இரும்பு ஸ்கேலை ஸ்பீக்கரின் குறுக்கே வைத்தார். கோனைச் சுற்றியிருக்கும் மடிப்பு ஸ்கேலை லேசாக முட்டியது.

"கோன் எம்புட்டு வெளிய வரும்னு பாத்தியா தம்பி?"

"டேட்டா ஷீட்ல ஒரு பக்கத்துக்கு 9 எம்.எம்.னு போட்டிருக்குண்ணே."

"அது நல்ல புள்ளையா இருக்கும்போது. ஊரே ஆடும்போது ரெட்டிப்பா வரும். தகட்டுல போயி அடிச்சுச்சுன்னா கோன் போச்சு."

மேடை வெளிச்சத்தில் அசைவே தெரியாத கோன், கனத்த பேஸ் அடியில் விரல்கடை நீளம் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதற்கு வழிவிடாமல் தகட்டை மாட்டினால், காப்பாற்ற வந்ததே கிழித்துவிடும். பெட்டி செய்கிறபோதே முன்பலகையை 30 எம்.எம். உள்ளே தள்ளி ஒட்டியிருந்தால் தகட்டைத் தட்டையாகவே மாட்டியிருக்கலாம். இப்போது தகட்டின் நான்கு பக்கத்தையும் 25 எம்.எம். மடக்கி, ஆழமில்லாத தொட்டி போல ஆக்கி, கவிழ்த்து மாட்ட வேண்டும். வேலை இரண்டு மடங்கு, கூலியும் கூடும். இளைஞர் தலையைச் சொறிந்தார். பேரம் பேசவில்லை.

தகடு 8-க்கு 4 அடி ஷீட்டாக வருகிறது. 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 எம்.எம்., 16 கேஜ் என்றால் 1.6. கேஜ் எண் குறையக் குறைய கனம் கூடும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குத் தினமும் ஒரு தடவை விளக்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம் ஓட்டையின் கணக்கு. 5 எம்.எம். வட்ட ஓட்டை, மையத்துக்கு மையம் 7 எம்.எம். என்று வரிசை மாற்றிக் குத்திய ஷீட்டில் திறந்த இடம் 46 சதவீதம்தான். பாதிக்கு மேல் இரும்பு. 6 எம்.எம். அறுகோண ஓட்டை, இடையில் 1 எம்.எம். இரும்பு மட்டும் நிற்கிற ஷீட்டில் திறப்பு 73 சதவீதம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே கறுப்புத் தகடுதான். காதுக்கு அப்படி இல்லை.

50 ஹெர்ட்ஸ் பேஸின் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். அது தகட்டைப் பொருட்படுத்தாமல் போய்விடும். 10,000 ஹெர்ட்ஸில் அலை மூன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. ஓட்டைக்கு நடுவே இருக்கும் இரும்பில் அதில் ஒரு பங்கு பட்டுத் திரும்பும். ஜால்ராவின் கூர்மை, பாடுகிறவரின் 'ஸ' எல்லாம் மங்கும். மைக் செட்காரர் உடனே மிக்ஸரில் ட்ரெபிளை ஏற்றுவார். மேல் சுருதி ஸ்பீக்கரான ட்வீட்டர் சூடாகி ஒரு நாள் சாகும். பழி ட்வீட்டர் கம்பெனி மேல் விழும். பேஸ் பெட்டியின் காற்றுத் துவாரத்துக்கு முன்னால் சின்ன ஓட்டைத் தகடு வைத்தால் இன்னொரு தொல்லை. உள்ளிருந்து வேகமாக வரும் காற்று 'புஸ் புஸ்'ஸென்று தனியாகப் பேச ஆரம்பிக்கும். முழுப் பெட்டிக்கும் 60 சதவீதத்துக்கு மேல் திறப்புள்ள ஷீட், 16 கேஜ் என்பது பட்டறையின் வழக்கம். விலை மலிவு என்று 46-ஐக் கேட்கிறவர்களுக்கும் செய்து கொடுக்கிறார்கள், வேறு வழியில்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு நாகரிகம் இப்போது பரவியிருக்கிறது. கிரில்லின் நடுவில் லேசரில் வெட்டிய பெயர்ப்பலகை, நடிகர் முகம், சிங்கம், வேல். அதற்குப் பின்னால் ஓடுகிற எல்.இ.டி. விளக்கு. மேல் சுருதி வருகிற ஹார்னுக்கு நேர் முன்னால் சிங்கத்தின் தாடை வந்து நிற்கிறது. பேஸ் பெட்டியில் வைத்தால் தொலையட்டும் என்று விடலாம். குரலும் ஜால்ராவும் வருகிற டாப்பு பெட்டியில் வைக்கச் சொல்கிறவர்களிடம் பட்டறைக்காரர் சண்டையே போடுகிறாராம். எனக்கு அவர் கட்சிதான்.

வெட்டும் வேலை ஷியரிங் மெஷினில் நடக்கிறது. ஓட்டைத் தகட்டை வெட்டும்போது கோடு பாதி ஓட்டைகளின் மேல் போகும்; வெட்டிய ஓரம் ரம்பப் பல் வரிசையாகிவிடும். மெஷினில் நின்ற பையனின் வலது கை விரல்களில் புதிதும் பழையதுமாகக் கீறல்கள். கையுறை போடக்கூடாதா என்று கேட்டேன். "போட்டா பிசிறு உள்ள போயி உக்காந்துக்கும் சார், அது இதவிட வலி." பெண்டிங் மெஷினில் மடக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மடிப்புக் கோடு ஓட்டை வரிசையின் நடுவில் விழுந்தால் தகடு பலவீனமான இடத்தைத் தேடிக்கொண்டு கோணலாக மடங்கும். இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள இரும்பின் மேல் கோடு விழும்படி அளவையே அரை சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். மூலையை வெட்டி மடக்கி, இரண்டு பொட்டு வெல்டிங் வைத்து, கிரைண்டரில் தேய்த்தால் தொட்டி தயார்.

இவ்வளவும் நடந்தது பட்டறையின் மறுகோடியில். ஸ்பீக்கர் மாட்டிய பெட்டி இருக்கும் பக்கம் கிரைண்டரைக் கொண்டுவர விடுவதில்லை. 18 இன்ச் ஸ்பீக்கரின் காந்தம் இரும்புத் தூளை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். கோனை ஆட்டுகிற கம்பிச் சுருளான காயில் ஓடுகிற இடுக்கு ஒரு நூலிழை அகலம்தான். அதற்குள் நாலு துகள் போனால் கரகரப்பு வந்துவிடும், பிறகு காயிலே தேய்ந்து போகும். திருகு முடுக்கும்போதும் அதே காந்தம்தான் எமன். ஸ்க்ரூடிரைவரைத் தளர்வாகப் பிடித்தால் முனை தானாகத் திரும்பிக் கோனுக்குள் பாயும். வீட்டில் செய்கிறவர்கள் கோன் மாற்றக் கொண்டுவரும் ஸ்பீக்கர்களில் இப்படிக் குத்துப்பட்டவை நிறைய இருக்கும் என்கிறார் பட்டறைக்காரர். இங்கே முதலில் ஸ்பீக்கரின் மேல் ஓர் அட்டையை வைத்து மூடிவிட்டுத்தான் துளை போடுகிறார்கள். தகடு உட்கார்ந்த பிறகு ஓரத்திலிருந்து அட்டையை உருவுகிறார்கள்.

மடக்கிய தகடுகள் கே.புதூர் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பவுடர் கோட்டிங் ஆகி வருகின்றன. எண்ணெயும் துருவும் போகக் கழுவி, பவுடரை அடித்து, 180, 200 டிகிரி அடுப்பில் வேகவைப்பது. கையால் பெயின்ட் அடித்தால் சின்ன ஓட்டைகள் அடைந்துவிடும், ஆறு மாதத்தில் உரியவும் உரியும்.

வந்த தகட்டுக்கு உள்பக்கம் கறுப்பு ஃபோம் ஒட்டுவது ஒரு அக்கா. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறார். ஃபோம் வந்தால் முதலில் ஒரு துண்டை வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறார். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு பட்டால் சரியான சரக்கு. மெத்தைக்குப் போடுகிற ஃபோமில் மூச்சு நின்றுவிடும், மழையில் நனைந்தால் தண்ணீரையும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பசையைத் தகட்டில்தான் தடவுகிறார், ஃபோமில் அல்ல. அதுவும் ரோலரைப் பசையில் தொட்டு, பழைய தகட்டில் இரண்டு ஓட்டு ஓட்டிக் காயவிட்டு, மிச்சத்தைத்தான். ஓட்டைகளுக்கு நடுவிலுள்ள இரும்பில் மட்டும் பசை மின்னியது. ஓர் ஓட்டைகூட அடையவில்லை. அந்தத் தகட்டில் ஆயிரக்கணக்கில் ஓட்டைகள் இருந்தன.

மாலையில்தான் முக்கியமான கட்டம். இளைஞரின் முதல் பெட்டிக்குத் தகட்டை மாட்டினார்கள். மரத் திருகு இல்லை. பெட்டிக்கு உள்ளே டி-நட் அடித்து, 6 எம்.எம். போல்ட். ப்ளைவுட்டில் போட்ட மரத் திருகு பேஸ் அதிர்வில் தானாகக் கழன்றுவிடும். தகடு மரத்தைத் தொடுகிற விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங். பிறகு போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைத் திறந்து, போனை ஆம்ப்ளிஃபயரில் செருகி, 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே ஏற்றினார் பட்டறைக்காரர். பாட்டுப் போட்டுப் பார்ப்பதில்லை. பாட்டில் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

40, 50 வரை தரை மட்டும் அதிர்ந்தது. 70-ஐ நெருங்கியபோது 'ஜ்ர்ர்' என்று ஒரு நாராசம். ஒலியை அங்கேயே நிறுத்திவிட்டு, உள்ளங்கையைத் தகட்டின் மேல் இடம் இடமாக வைத்துக்கொண்டே போனார். மூலையில் வைத்தால் சத்தம் அப்படியே இருந்தது. நடுவில் வைத்ததும் நின்றது. போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அகலமான தகட்டின் நடுப்பகுதி தன் சொந்த அதிர்வில் துள்ளிக்கொண்டிருந்தது. தகட்டைக் கழற்றி, பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டையை வெல்டிங் வைத்து, வெல்டிங் சூட்டில் கருகிய இடத்தில் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, அக்கா பிய்ந்த ஃபோமை மறுபடி ஒட்டி, காய்ந்து, மாட்டுவதற்குள் இருட்டிவிட்டது. இந்த முறை 30-லிருந்து 200 வரை போய் வந்தும் பெட்டியின் குரலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"நம்ம போட்டது இருக்கான்னே தெரியக் கூடாது சார். தெரிஞ்சா வேல சரியில்லன்னு அர்த்தம்" என்றார். அந்தத் திறமைக்கு என்ன கூலி என்று கேட்டேன். பட்டறைக்கு வருகிற பணத்தில் ஸ்பீக்கருக்கும் ப்ளைவுட்டுக்கும் போனது போக, தகட்டு வேலைக்கு மிஞ்சுவது சொற்பம். ஷியரிங் பையனுக்கும் அக்காவுக்கும் பெட்டிக் கணக்கில்தான் சம்பளம். ஐப்பசி தொடங்கி மழை மாதங்களில் பெட்டியே இருக்காது. சத்தம் போட்டுப் பார்க்கும் நேரத்தில் அங்கே யாருடைய காதிலும் அடைப்பான் இல்லை. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். அதைக்கூட வாங்கிக் கொடுக்காதது பட்டறைக்காரரின் குறைதான். அவரிடமே சொன்னேன், சிரித்தார்.

வீட்டில் பெட்டி கட்ட நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று. வரைபடத்தில் முதல் கோடு இழுக்கும்போதே கிரில்லுக்கு 30 எம்.எம். ஆழம் விட்டுவிடுங்கள். கடைக்காரர் ஓட்டை அளவைச் சொன்னால் போதாது, இரண்டு ஓட்டைக்கு நடுவே எவ்வளவு இரும்பு நிற்கிறது என்றும் கேளுங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் 30-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகிற அரைமணி நேரக் கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.