எய்தவன் எங்கே?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் உலகம் பெரும்பாலும் அம்பையே நோகின்றது. இவ்வுண்மையை எமது மாணாக்கர் ஒரு கணினி விளையாட்டின் வாயிலாக உணர்ந்தமை எம்மைச் சிந்திக்க வைத்தது.

ரோமன் இலக்கத்தில் 'பதின்மூன்று' எனப் பெயரிய அவ்விளையாட்டைப் பிரான்சின் யுபிசாஃப்ட் நிறுவனம் 2003 இல் வெளியிட்டது. ழான் வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்து, 1984 இல் தொடங்கிய பெல்ஜியச் சித்திரக்கதையே அதன் மூலம். சிவகாசி லயன் காமிக்ஸ் 'இரத்தப் படலம்' என்று தமிழில் தந்ததும் அக்கதையைத்தான். நினைவிழந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகின்றான். கழுத்தெலும்பருகே பதின்மூன்று என்ற பச்சை. அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவன் என்று அவனைத் தேடுகின்றனர். ஏவியவர்களோ அதிகார பீடங்களில் அமர்ந்த இருபது சதிகாரர்.

"சேர், சுட்டவனைப் பிடிச்சா வழக்கு முடிஞ்சுதானே?" என்று வகுப்பிலே ஒருவன் கேட்டான். மறுமொழிக்கு நாம் அமெரிக்கா செல்ல வேண்டியிருக்கவில்லை.

1959 செப்டெம்பர் 25 இல் பிரதமர் பண்டாரநாயக்கா தமது இல்லத்திலே சுடப்பட்டு, மறுநாள் மரணமடைந்தார். சுட்டவர் தல்துவே சோமராம தேரர். ஏவியவர் களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர். 1956 இல் அதே பிரதமரின் வெற்றிக்கு உழைத்தவர். அவரது வணிக நோக்கங்கள் நிறைவேறாமை வழக்கிலே பேசப்பட்டது. இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மீண்டும் நடைமுறைக்கு வந்த மரண தண்டனைச் சட்டத்தின் வாசகம் கொலையைக் குறித்ததேயன்றிச் சதியைக் குறிக்கவில்லை என்பதால், மேன்முறையீட்டிலே ஏவியவரின் தண்டனை ஆயுட் சிறையாயிற்று. சுட்டவர் 1962 இல் தூக்கிலிடப்பட்டார். இதைக் கேட்ட வகுப்பு நெடுநேரம் மௌனமாயிருந்தது.

விளையாட்டைப் புகழ்வது எமது நோக்கமன்று. அதன் பாதை ஒன்றே. ஆடுபவன் விலகி நடக்க வழியில்லை. குற்றமற்றவரைக் கொன்றால் ஆட்டம் முடிந்துவிடும் கட்டங்கள் அதில் உண்டு என்பது மெய்யே. ஆயினும் இருபது சதிகாரரை அடைவதற்குள் எத்தனை கூலிக் காவலர் வீழ்கின்றனர்! சம்பளத்துக்கு நின்ற அவர்களுக்குப் பெயருமில்லை, கதையுமில்லை. எய்தவனைத் தேடப் புறப்பட்ட கதையே வழியெல்லாம் அம்புகளை முறித்துச் செல்கின்றது. மேலும், சதியை முறியடிப்பவன் தனியொரு வீரன். மக்களுக்கு அங்கே இடமில்லை.

எமது கரை துப்பாக்கியைத் திரையில் மட்டும் கண்டதன்று. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஈழப்போர் ஆண்டுகளிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தம் பிள்ளைகளை இழந்தனர். சுட்ட கைகளுள் பல ஏழை வீட்டு இளைஞர் கைகள். அவர்களது குற்றம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் விசாரணை அவர்களோடு நின்றுவிடலாகாது. யார் ஏவினார், யார் பயனடைந்தார் என்று கேட்கும் பழக்கத்தை மாணாக்கரிடம் வளர்ப்பது ஆசிரியர்களாகிய நமது கடன்.