எழுத்தும் தாலியும்

யாழ்ப்பாணத்தில ஒரு கலியாணம் ரெண்டு தரம் நடக்கும். முதல்ல எழுத்து. விவாகப் பதிவாளர் பெரிய புத்தகத்தோட வீட்டுக்கு வருவார், ரெண்டு சாட்சி கையெழுத்து வைப்பினம், வந்தவைக்கு ரோல்சும் கேக்கும் குடுப்பினம். பிறகு, சிலவேளை ஒரு வருசம் கழிச்சு, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கேக்க, கூறை, தாலி, ஐயர், மண்டபம் எல்லாம். இடைப்பட்ட காலத்தில சட்டப்படி அவை கணவன் மனைவி. பிரிய வேணுமெண்டா நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும். ஆனா ஊரில ஆரும் அப்பிடிச் சொல்லாயினம். "எழுத்துத்தான் முடிஞ்சது, கலியாணம் இனித்தான்" எண்டுதான் கதைப்பினம்.

எழுத்து கனடாவுக்கு, தாலி கடவுளுக்கு எண்டு நாங்கள் பகிடி விடுறனாங்கள்.

இப்பிடி அரசாங்கத்தின்ர கலியாணத்தையும் சமயத்தின்ர கலியாணத்தையும் இவ்வளவு தெளிவாப் பிரிச்சு வச்சிருக்கிற அதே ஊரில, ஒருபால் சோடிகளின்ர கதை வந்தவுடன ரெண்டும் ஒண்டாகிப் போகுது. பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடையில இதைக் கதைச்சா, "சமயம் ஏற்காது" எண்டதுதான் முதல் பதில். அவை கேக்கிறது எழுத்து மட்டும்தானே எண்டு சொன்னாலும் பதில் மாறாது.

எங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு மாதம் சமயமும் அரசும் எண்ட தலைப்பில வாசிச்சம். அப்பதான் மோர்மன் சபை பற்றித் தெரிய வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சபை. 19ஆம் நூற்றாண்டில் பலதார மணம் செய்ததற்காக அரசாங்கம் இவர்களைத் தண்டித்தது; 1890இல் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாகச் சபை அறிவித்தது. எது கலியாணம் எண்டு அரசு எழுதிய சட்டத்தால் அடி வாங்கினவை. அதே சபை 2008இல் கலிஃபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடை செய்யும் 8ஆவது முன்மொழிவுக்கு, நேரமும் காசும் குடுக்கச் சொல்லித் தன் விசுவாசிகளைக் கேட்டது. அடி வாங்கினவை தடி எடுக்கிறது எங்கட ஊருக்கும் புதுசில்லை.

ஆனா 2022 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸில் ஒருபால் திருமணங்களைச் சட்டத்தில் பாதுகாக்கும் மசோதா வந்தபோது, அதே சபை அதற்கு ஆதரவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது எண்ட தங்கட கோட்பாடு மாறேல்லை எண்டும் அதே அறிக்கையில் எழுதினது. மதநிறுவனங்கள் தங்கட நம்பிக்கைக்கு எதிரான சடங்கை நடத்தத் தேவையில்லை எண்ட பாதுகாப்பு மசோதாவில் இருந்தது, அதுதான் அவைக்கு முக்கியம். டிசம்பரில் அது சட்டமானது. சபைக்குள்ள இருக்கிற குயர் பிள்ளையளுக்கு இதால வாழ்க்கை லேசாகிச்சுது எண்டு நாங்கள் சொல்லமாட்டம். ஒருபால் கலியாணத்துக்குக் கோயில் கதவு இண்டைக்கும் பூட்டித்தான் இருக்கு. எண்டாலும் பதிவாளரின்ர கதவைத் தாங்கள் பூட்டத் தேவையில்லை எண்டு ஒரு கட்டுப்பெட்டியான சபைக்கே விளங்கியிருக்கு.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. விவாகரத்து எடுத்த ஒருவருக்குக் கத்தோலிக்க ஆலயத்தில மறுகலியாணம் இல்லை, முதல் கலியாணம் செல்லாது எண்டு திருச்சபை தீர்ப்புச் சொன்னாலொழிய. பதிவாளர் எழுதுவார். அதுக்காக எந்த ஆயரும் பதிவாளர் கந்தோருக்கு முன்னால போய்ப் போராட்டம் செய்ததா நாங்கள் கேள்விப்படேல்லை. ஸ்காபரோவில எங்கட சொந்தக்காரர் 2005இல இருந்து ஒருபால் திருமணம் சட்டமான நாட்டிலதான் இருக்கினம். சமயக் குருமாரைக் கட்டாயப்படுத்தேலாது எண்டு அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. அங்க இருக்கிற முருகன் கோயிலுகளில திருவிழா நிக்கேல்லை.

எதிர்ப்பக்கத்தாலயும் நடக்கும். 2018இல் தூத்துக்குடியில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் தாலி கட்டிச்சினம். கலியாணம் கோயிலில நடந்து முடிஞ்சது, பதியமாட்டன் எண்டு பதிவாளர் மறுத்தார். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் எண்ட சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் எண்டு சொல்லிப் பதியச் சொன்னார். அது ஒருபால் திருமண வழக்கு இல்லை. ஆனா தடுக்கிறது எப்பவும் சாமி எண்டு நினைக்கிறவை இதைக் கட்டாயம் வாசிக்கவேணும்.

இந்த இடத்தில எங்கட ஆக்களிலயும் ஒரு குறை சொல்லவேணும். ஆரும் சமயத்தை இழுத்தவுடன நாங்கள் அர்த்தநாரீஸ்வரரையும் அரவானையும் தூக்கிக்கொண்டு ஓடுறம். அழகான கதையள்தான். ஆனா அதை ஆதாரமாக் காட்டினா, சட்டத்துக்குச் சாமியின்ர அனுமதி வேணும் எண்டதை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ள போகப் போராடினபோது, அவையை மறிச்சவையும் சமய வழமையைத்தான் காட்டிச்சினம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அந்த வழமையைப் பார்த்துக்கொண்டு நிக்கேல்லை. அங்க சட்டம் கோயிலுக்குள்ளயே போகவேண்டி இருந்தது. இங்க அதுவும் தேவையில்லை, கந்தோர் மேசை வரைக்கும் போனாப் போதும்.

எங்கட வட்டத்தில ரெண்டு பெண்பிள்ளையள் நாலு வருசமாச் சோடி. போன மாரியில ஒருத்திக்கு டெங்கு வந்து ஒரு ஆஸ்பத்திரியில கிடந்தாள். மற்றவள் மூண்டு இரவு வாசலில. "ஆர் நீங்கள்?" "சிநேகிதி." "சொந்தக்காரர் ஆரும் இல்லையோ?" கடைசியா ரெண்டு வருசமா அவளோட கதைக்காத பெரியம்மா வந்துதான் வைத்தியரோட கதைச்சா. படுத்துக்கிடந்தவள் நல்லூர் 25 நாளும் விரதம் பிடிக்கிறவள். அவளிட்ட நாங்கள் கேட்டிருக்கிறம், கோயிலில கட்டவேணும் எண்டு ஆசை இல்லையோ எண்டு. "முருகனோட நான் கதைச்சுக்கொள்ளுவன். வார்ட்டில கதைக்கத்தான் எனக்கு ஒரு துண்டு வேணும்" எண்டாள்.

அந்தத் துண்டுக்கு இஞ்ச எவ்வளவு தூரம்? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு இன்னும் இருக்கு. அதில் முதலில் ஆண்கள் மட்டும்தான். 1995இல் திருத்தேக்க பெண்களையும் சேர்த்துவிட்டினம். சமத்துவம் இந்த ஒரு விசயத்தில மட்டும் கேளாமலே கிடைச்சது. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2023 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் வந்தது. சாதாரணப் பெரும்பான்மை போதும். வாக்கெடுப்புக்கு வராமலே 2024இல் பாராளுமன்றம் கலைஞ்சது, சட்டமூலமும் போச்சு. குற்றமாயிருக்கிற ஒண்டைப் பதியச் சொல்லிக் கேக்கேலாது. அதால எழுத்து எங்களுக்கு ரெண்டாவது படி.

அதுவரைக்கும் அவை ரெண்டுபேரும் துண்டுகளைச் சேர்க்கினம். ஒரு கூட்டு வங்கிக் கணக்கு இருக்கு. நொத்தாரிசிட்டப் போய் அற்றோணித் தத்துவம் எழுத விசாரிச்சிருக்கினம். கலியாணம் கட்டினாத் தேசவழமையில பெண் தன்ர காணியை விக்கப் புருசன் சம்மதிக்கவேணும், ரெண்டும் பெண்ணெண்டா ஆர் ஆரிட்டக் கேக்கிறது எண்டு நொத்தாரிசு சிரிச்சாராம். நியாயமான கேள்விதான், அந்தச் சட்டமும் மாறத்தான் வேணும்.

வட்டத்தில ஒரு கத்தோலிக்கப் பொடியன் இருக்கிறான். குருமடத்துக்குப் போகவேணும் எண்டு ஒருகாலம் யோசிச்சவன். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருவருட்சாதனம் எண்டதில அவன் இம்மியும் விட்டுக்குடுக்கமாட்டான். 2023 டிசம்பரில ஒருபால் சோடிகளுக்குக் குருமார் ஆசி குடுக்கலாம் எண்டு வத்திக்கான் அறிவிச்சபோது எங்களைவிட அவன்தான் கூடக் குழம்பினவன். அந்த டெங்கு நாளில இரவு வாசலுக்குப் பிளாஸ்க்கில தேத்தண்ணி கொண்டுபோனதும் அவன்தான். கோயிலில எண்டா நான் வரமாட்டன், எழுத்தெண்டாச் சாட்சிக் கையெழுத்து வைப்பன் எண்டு சொல்லியிருக்கிறான். மற்றச் சாட்சி ஆர் எண்டதில எங்களுக்குள்ள இப்பவே சண்டை.