நாள்வழி

இரவு பன்னிரண்டே காலுக்கு ஃபோன் அடித்தது. டீமில் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா, சொல்லு."

"டேட்டாபேஸ் ஏற மாட்டேங்குதுண்ணா. தேடினதுல ஒரு கமாண்ட் கெடச்சிருக்கு. அடிக்கட்டுமா?"

"என்ன கமாண்ட்?"

"பிஜி ரீசெட்வால். சாதாரணமா அடிச்சா மாட்டேங்குது. டேட்டா போகலாம், பரவாயில்லன்னா ஃபோர்ஸ் போடுங்குது."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "கீபோர்டுல இருந்து கைய எடு. நான் லாகின் பண்ற வரைக்கும் எதையும் தொடாத" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். மனைவி விழித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்த வேலைக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இந்த முகம் பழக்கம்.

நாங்கள் பால் கொள்முதலுக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன கம்பெனி. 52 கொள்முதல் நிலையங்கள் எங்கள் சர்வரில் ஓடுகின்றன. காலையும் மாலையும் கேனோடு வருகிறவர்களின் பாலை மெஷின் அளந்து, லிட்டர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று எங்களுக்கு அனுப்பும். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அன்று இரவு பதினொன்றுக்குத்தான் அந்தப் பத்து நாள் கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது. தம்பிக்கு அது தெரியாது. அவன் காலண்டரில் கெர்னல் பேட்ச் என்று மட்டும் இருந்தது. 11.20க்கு ரீபூட் கொடுத்திருக்கிறான். டேட்டாபேஸ் மெமரியில் இருந்ததையெல்லாம் டிஸ்கில் எழுதி முடிக்க நேரம் எடுத்திருக்கிறது. கால் மணி நேரமாக சர்வர் அணையவே இல்லை. தொங்கிவிட்டது என்று நினைத்து கிளவுட் கன்சோலில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப். கரண்ட் வயரைப் பிடுங்குவது போலத்தான் அது.

திரும்ப ஏற்றியபோது போஸ்ட்கிரெஸ் பதறிக்கொண்டு நின்றது. மிகையாகச் சொல்லவில்லை, அந்தப் பிழைச் செய்தியின் முதல் வார்த்தையே 'பேனிக்' என்பதுதான். சரியான செக்பாயின்ட் குறிப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

இதை விளக்க எனக்கு அப்பாவின் மண்டிதான் வசதி. அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளை. மேசையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று நாள்வழி: வரவு செலவு எது நடந்தாலும் நடந்த வரிசையில், அந்தக் கணமே அதில் ஏறும். இன்னொன்று பேரேடு: ஆளுக்கொரு பக்கம். நாள்வழியில் இருப்பதை நேரம் கிடைக்கும்போது அந்தந்த ஆள் பக்கத்தில் பெயர்த்து எழுதுவார். பேரேடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை. எதுவரை பெயர்த்தோம் என்று ஒரு கோடு போட்டிருப்பார். மறுநாள் காலை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கினால் போதும்.

டேட்டாபேஸும் இதையேதான் செய்கிறது. மாற்றத்தை முதலில் நாள்வழியில் எழுதி, அது டிஸ்கில் பதிந்தது உறுதியான பிறகுதான் "முடிந்தது" என்று நமக்குச் சொல்லும். பேரேட்டுப் பக்கங்களை அப்புறம் சாவகாசமாகத் திருத்திக்கொள்ளும். அப்பா போடும் கோடுதான் செக்பாயின்ட். போஸ்ட்கிரெஸுக்கு இந்த வழக்கம் 2001இல் வந்த 7.1 பதிப்பில் வந்தது. முன்னரே எழுதி வைக்கும் குறிப்பைக் கொண்டு, விழுந்த டேட்டாபேஸை எப்படி எழுப்புவது என்பதை விரிவாக வகுத்துச் சொன்ன 'ஏரிஸ்' ஆய்வுக் கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் ஐபிஎம்மில் இருந்த சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். நடந்ததை நடந்தபடியே திரும்ப நடத்திக் காட்டு, முடியாமல் போனதை அதற்கப்புறம் விலக்கு என்பது அதன் சாரம். போஸ்ட்கிரெஸ் முதல் பாதியை மட்டும் செய்யும். பழைய வரிகளை அழிக்காமல் வைத்திருப்பதால், முடியாத வேலையை விலக்க அது தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இந்த நாள்வழி இருக்கும் ஃபோல்டருக்கு முன்பு 'பிஜி எக்ஸ்லாக்' என்று பெயர். லாக் என்று பெயரில் இருப்பதால் வெறும் பதிவுக் குப்பை என்று நினைத்து, டிஸ்க் நிறைந்தபோது அதை அழித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் பலர். 2017இல் வந்த பத்தாம் பதிப்பில் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றினார்கள். தம்பி அடிக்கப் போன கமாண்ட், அந்த நாள்வழியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டுத் தொடங்கும். டேட்டாபேஸ் ஏறிவிடும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் பேரேட்டில் சில பக்கங்கள் பழையவை, சில புதியவை, எது எது என்று யாருக்கும் தெரியாது. முந்தைய பேக்கப் அதிகாலை இரண்டு மணியுடையது. அதற்குப் போனால் அன்றைய காலைப் பாலும் மாலைப் பாலும் இல்லை.

லாகின் செய்தேன். முதல் வேலையாக எல்லா டிஸ்குக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்தேன். செத்துப்போனது போலத் தெரியும் டேட்டாபேஸைக்கூட முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். காப்பாற்றப் போய்க் கெடுப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம். பிறகு நாள்வழி ஃபோல்டரைப் பார்த்தேன். அது நிஜ ஃபோல்டர் இல்லை, வேறொரு டிஸ்குக்குக் கைகாட்டும் இணைப்பு. அந்த இடத்தில் இருந்ததோ, உள்ளே காலியான ஒரு துணை ஃபோல்டரைத் தவிர எதுவும் இல்லாத ஃபோல்டர். உருவான நேரம் அன்று இரவு 11.48.

டிஸ்குகளின் பட்டியலை எடுத்தேன். மூன்று டிஸ்க். மூன்றாவது 100 ஜிபி. எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்த 100 ஜிபியை எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல ஓர் இரவு. டிஸ்க் நிறைந்துகொண்டு வந்தது. நான்தான் புது டிஸ்க் வாங்கிச் சேர்த்து, நாள்வழியை அதற்கு நகர்த்தி, இணைப்புப் போட்டேன். டிஸ்கைக் கையால் மவுண்ட் செய்தேன். அப்படிச் செய்தது அடுத்த ரீபூட் வரைக்கும்தான் நிற்கும். ஒவ்வொரு முறையும் தானாக மாட்ட வேண்டுமென்றால் எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் எல்லாம் நன்றாக ஓடியது. ஓடுகிற சர்வரை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அதற்கப்புறம் அந்த சர்வர் அணைக்கப்படவே இல்லை. நீண்ட அப்டைமை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் பெருமையாகப் போட்டவனும் நான்தான். எழுதப்படாத அந்த வரியின் வயதைத்தான் அந்த எண் சொல்லிக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

டிஸ்கை மவுண்ட் செய்தேன். நாள்வழிக் கோப்புகள் வரிசையாக, பத்திரமாக, அப்படியே இருந்தன. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியை எழுதினேன், டிஸ்கின் பெயரை வைத்து அல்ல, மாறாத அடையாள எண்ணை வைத்து. போஸ்ட்கிரெஸை ஏற்றினேன். சரியாக அணைக்கப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்றது. மறுநடத்தல் தொடங்குகிறது என்று ஒரு வரி வந்தது. அப்புறம் நிசப்தம்.

ஃபோனில் தம்பி மூச்சுவிடுவது கேட்டது. "அண்ணா, போயிடுச்சா?" என்றான். "எழுதிட்டிருக்கு, இரு" என்றேன். ஆறு நிமிடம். பிறகு இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற அந்த வரி. பட்டுவாடாவைப் பார்த்தேன். 37 நிலையங்களின் கணக்கு முழுதாக இருந்தது. 38ஆவது பாதியில் நின்றிருக்க வேண்டும், அதன் தடமே இல்லை. அங்கிருந்து திரும்ப ஓட்டினோம். அதிகாலைப் பால் வருவதற்குள் எல்லாம் முடிந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

காலை ஒன்பதரைக்குக் குரூப்பில் தம்பியின் செய்தி இருந்தது. "என் கவனக்குறைவால் நடந்தது. மன்னிக்கவும். அண்ணன்தான் காப்பாற்றினார்." கீழே வரிசையாகக் கைகூப்புகள், எனக்கு இரண்டு நெருப்புப் படங்கள். மேலதிகாரி மாலைக்குள் அறிக்கை கேட்டிருந்தார். நான் தட்டச்சு செய்தேன்: "ரீபூட்டின்போது டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை."

பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம் மொழியில் இதற்கு நல்ல வசதி உண்டு. கண்ணாடி டம்ளரைக் கீழே போட்ட குழந்தை "உடைஞ்சிருச்சு" என்றுதான் சொல்லும், "உடைச்சிட்டேன்" என்று சொல்லாது. மவுண்ட் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லை. எஃப்எஸ்டேப்பில் இப்போது வரி இருக்கிறது. அது எப்போது எழுதப்பட்டது என்று யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. அறிக்கையைச் சேமித்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் மீண்டார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பின்னர் வந்த அறிக்கையில் தவறு முழுக்க இருந்தது, அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அறிக்கையைப் படிக்கக் கொடுப்பவன் நான். தம்பிக்கும் கொடுத்திருந்தேன்.

மதியம் சாப்பிடும்போது அப்பா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை மண்டியில் ரொக்கம் 1,100 ரூபாய் குறைந்திருக்கிறது. கடைப் பையன் மேல் சந்தேகம். மூன்றாம் நாள் இரவு அப்பாவுக்குப் பிழை கிடைத்துவிட்டது. ஒரு விவசாயிக்கு 1,220 கொடுத்துவிட்டு நாள்வழியில் 120 என்று எழுதியிருக்கிறார். நாள்வழியில் அடித்தல் திருத்தல் கூடாது. புது வரியாக 1,100 பற்று எழுதி, பக்கத்தில் "கணக்குப்பிள்ளை கைப்பிழை" என்று போட்டு முதலாளியிடம் காட்டினார். காட்டியது நான்காம் நாள் சாயங்காலம். பையன் அன்று காலையே ஊருக்குப் போய்விட்டான், திரும்பி வரவில்லை.

"ராத்திரியே கண்டுபிடிச்சிட்டீங்களே, பகல் முழுக்க என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டேன். அப்பா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கணக்கு எழுதிட்டிருந்தேன்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அப்போது எனக்கு அது பதில் என்றே தோன்றவில்லை.

மணி நாலு ஆகியிருந்தது. நானும் பகல் முழுக்க ஏதோ எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

அறிக்கையைத் திறந்தேன். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே எழுதினேன்: "இந்த டிஸ்கை இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்த்தவன் நான். எஃப்எஸ்டேப்பில் பதியாமல் விட்டேன். ரீபூட் செய்து சோதிக்கவும் இல்லை. நேற்று யார் ரீபூட் செய்திருந்தாலும் இது நடந்திருக்கும்." குரூப்பிலும் போட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேலதிகாரி கட்டைவிரலைக் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள் என்றார். அதைச் செய்தோம். ஏறியது.

அன்று மாலை தம்பி தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"அண்ணா, முதல்ல ஃபோல்டரே இல்லைன்னுதான் எரர் வந்துச்சு. நான்தான் அங்க ஒரு ஃபோல்டர் கிரியேட் பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லல. அதையும் ரிப்போர்ட்ல போடணுமா?"

11.48. எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லவில்லை. மேலே டிஸ்கை மாட்டிவிட்டதால் அந்த ஃபோல்டர் இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அடியில் இருக்கிறது.

"போடுப்பா, நீயே எழுது" என்று பதில் அனுப்பினேன்.