ஜெர்மனியில் பிறந்து, திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் எந்திரங்கள்!

விருதுநகரிலிருந்து தென்காசி போகும் ரயில் பாதையில், சிவகாசிக்குச் சற்று முன்னால் வருகிறது திருத்தங்கல். ஊரின் அடையாளம், குன்றின் மேல் இருக்கும் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. படியேறி மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் கரிசல் மண், சீமைக்கருவேலம், நடுநடுவே தீப்பெட்டி ஆபீஸ்களும் அச்சகங்களின் தகரக் கூரைகளும். நகராட்சியாக இருந்த திருத்தங்கல், 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால், “சிவகாசி வேற, திருத்தங்கல் வேற” என்றுதான் சொல்வார்கள்.

மலையிலிருந்து இறங்கி அச்சகங்கள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால், தடதடவென்று ஒரே சீரான சத்தம். தாளை இழுத்து, நான்கு வண்ணங்களில் முருகனையும் லட்சுமியையும் அச்சடித்து வெளியே தள்ளும் ஆஃப்செட் எந்திரத்தின் சத்தம் அது. இந்த வட்டாரத்தில் ஓடும் இத்தகைய எந்திரங்களில் பல, வேறொரு நாட்டில் வேறொரு முதலாளிக்காகப் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்தவை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க், ஜப்பானின் கோமோரி என்று பக்கவாட்டில் பெயர் பொறித்திருக்கும். எந்திரம் பழசு, ஆனால் வாங்கியவருக்கு அதுதான் புதுசு.

லேபிளில் தொடங்கிய கதை

1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். சிவகாசியின் தலையெழுத்தை மாற்றிய பயணம் அது. தீப்பெட்டி வந்ததும் அதில் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சு எந்திரம் வந்தது. பிறகு பட்டாசு உறை, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வேலை பெருகியது. மழை குறைவான இந்த மண்ணில் விவசாயம் கைவிட்டபோது கைகொடுத்தவை தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும்தான்.

அச்சில் ஒரு சிக்கல் உண்டு. தீப்பெட்டியைக் கையால் ஒட்டலாம்; பட்டாசுக்குக் கையால் திரி வைக்கலாம். நான்கு வண்ணப் படத்தைக் கையால் அடிக்க முடியாது. அதற்குப் பெரிய எந்திரம் வேண்டும். புதிதாக வாங்கினால் விலை கோடிகளில் நிற்கும். சிறிய அச்சகத்துக்கு அது எட்டாத உயரம். அதனால்தான் ‘செகண்ட் ஹேண்ட்’ எந்திரம் இங்கே ஒரு தனி உலகமாகவே வளர்ந்திருக்கிறது.

ஜெட் விமானமும் அச்சு எந்திரமும்

பழைய எந்திரத்தைத் தேடிப்பிடித்து வாங்குவது இல்லாதவர்களின் வழி என்று நினைத்துவிட வேண்டாம். உலகின் பெரும் பணக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 என்ற ஜெட், இடையில் எங்கும் இறங்காமல் சுமார் 12,500 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. சென்னையிலிருந்து லண்டன் போன பிறகும் அதன் தொட்டியில் எரிபொருள் மிச்சமிருக்கும். அதன் தயாரிப்பு 2021-ல் நின்றுவிட்டது. இன்று ஒருவருக்கு அந்த ஜெட் வேண்டுமென்றால், இன்னொருவர் பறந்ததைத்தான் வாங்க வேண்டும்.

அப்படி வாங்குபவர் முதலில் விமானத்தைப் பார்ப்பதில்லை. அதன் ஏடுகளைத்தான் பார்ப்பார். எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை தரையிறங்கியது, எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார்கள் என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஏட்டில் சில பக்கங்கள் காணாமல் போனாலே விலை சரிந்துவிடும். பிறகு எஞ்சினுக்குள் சிறிய கேமராவை விட்டு, இறக்கை இறக்கையாகப் பார்த்த பின்புதான் பணம் கைமாறும்.

அச்சு எந்திரத்துக்கு அப்படிக் கட்டாய ஏடு எதுவும் கிடையாது. காரில் கிலோமீட்டர் காட்டுவது போல, இதுவரை எத்தனை தாள் அடித்தது என்று காட்டும் கவுன்ட்டர் ஒன்று இருக்கும். எண்ணிக்கை கோடிகளில் ஓடியிருக்கும். ஆனால் கவுன்ட்டரை மாற்றிவிட்டால் அந்த எண்ணும் பொய்யாகிவிடும்.

அதனால் அனுபவமுள்ள மெஷின்மேனைக் கூட்டிப்போவதுதான் வழக்கம். அவர் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். முழுத் தாளுக்கும் ஒரே நிறம் அடித்துப் பார்ப்பார். கோடு கோடாகத் தெரிந்தால் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். விலகினால், தாளைப் பிடிக்கும் கிரிப்பரில் கோளாறு இருக்கலாம். ரப்பர் ரோலர் போயிருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். உருளையில் அடிபட்ட தடமோ, பக்கச் சட்டத்தில் வெல்டிங் வைத்த தடமோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். மின்னணுப் பலகைகளையும் கவனிக்க வேண்டும். இரும்புப் பாகத்தை உள்ளூர் லேத்தில் கடைந்துவிடலாம். உற்பத்தி நின்றுபோன சர்க்யூட்டை எங்கே போய்க் கடைவது?

கடல் கடந்து கரிசலுக்கு

பேரம் முடிந்ததும் எந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி, துரு ஏறாமல் கட்டி, கப்பலில் ஏற்றுவார்கள். பழைய எந்திரம் என்பதால், அதன் வயதுக்கும் மதிப்புக்கும் பட்டயப் பொறியாளர் சான்றிதழ் சுங்கத்துறைக்குத் தேவைப்படும். தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கினால், சுமார் நூறு கிலோமீட்டர் லாரிப் பயணம். ஷெட்டில் கனமான கான்கிரீட் தளம் போட்டு, மட்டம் பார்த்து, ஒவ்வொரு யூனிட்டாகப் பூட்டுவார்கள். மட்டம் மயிரிழை பிசகினாலும் நிறம் விலகும்.

அதன் பிறகு வெயில் வந்து வம்பு செய்யும். குளிர்நாட்டில் பிறந்த எந்திரம்; இங்கே சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதிக்கும். காற்றில் ஈரம் குறைந்தால் தாள் சுருங்கும்; மழை வந்தால் விரியும். மை இளகும். ஆஃப்செட் என்பதே எண்ணெய்ப் பசையுள்ள மையும் தண்ணீரும் ஒட்டாது என்ற விதியில் ஓடும் தொழில். தண்ணீர் கொஞ்சம் கூடினால் படம் வெளுக்கும். குறைந்தால் அழுக்கு ஏறும். இந்த அளவை மெஷின்மேன் கண்ணாலும் காதாலும் சரிசெய்கிறார். சத்தம் சற்று மாறினாலே எந்த யூனிட்டில் பெயரிங் கேட்கிறது என்று சொல்லிவிடுகிறவர்கள் இங்கே உண்டு.

ஆடி பிறந்தால் பதற்றம்

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வட்டாரத்தின் வழக்கம். அன்றிலிருந்து டிசம்பர் வரை எந்திரத்துக்கு ஓய்வில்லை. ஜனவரி 1 அன்று சுவரில் தொங்காத காலண்டர், பிப்ரவரியில் வெறும் காகிதம். கார்த்திகை மாதத்தில் எந்திரம் நான்கு நாள் படுத்துவிட்டால், வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். வங்கிக் கடனும், அடகு வைத்த நகையும் அந்த நான்கு நாளில்தான் கண்முன் வந்து நிற்கும். நாள்காட்டியைக் கைப்பேசியிலேயே பார்க்கும் காலத்தில், போன வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்ற நிச்சயமும் இல்லை.

அதனால் எந்திரத்தின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர் ஏமாந்துபோவார். உதிரிபாகத்துக்கும் ரிப்பேருக்கும் தனியாகப் பணம் ஒதுக்குகிறவரே நிலைக்கிறார். ஜெட் வாங்குகிறவர்களும், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று எஞ்சின் பராமரிப்புக்குத் தனியே கட்டுவது உண்டு. தொகைதான் வேறு, பாடம் ஒன்றே.

வார்த்திகனின் நகை

வந்த பொருளின் பூர்வீகம் என்ன என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வரும் தங்கால், இந்தத் திருத்தங்கல்தான். சேர மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்ற அந்தணன் இங்கே தங்குகிறான். மழலை மாறாத வாயால் பிழையின்றி வேதம் ஓதிய ஒரு சிறுவனுக்குத் தன் நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். சிறுவனின் தந்தை வார்த்திகனுக்குத் திடீரென வசதி வந்ததைக் கண்டு பொறுக்காத சிலர், அவன் புதையலை எடுத்துக்கொண்டதாகச் சொல்லிச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. உண்மையை அறிந்த பாண்டியன் பிழை பொறுக்கச் சொல்லி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுக்கிறான்.

இன்று சான்றிதழ், ரசீது எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் பிறர் கைபட்ட பொருளை வாங்குகிறவர், கடைசியில் ஒரு மனிதரின் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த மனிதர் பெரும்பாலும், கையில் மைக்கறை போகாத மெஷின்மேன்.

ஆயுத பூஜை அன்று எந்திரத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுகிறார்கள். மறுநாள் காலை சுவிட்சைத் தட்டியதும் பழைய தடதட சத்தம் மீண்டும் எழுகிறது. சத்தம் சீராக இருந்தால், அந்த வீட்டுக்கு அடுத்த வருடமும் நல்ல வருடம்தான்.